ஒன்பதரை மணிக் கணக்கு

டௌவே சிறப்புப் பள்ளியின் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

கையில் நீல அட்டை போட்ட, மூன்று வருட வருகைப் பதிவேடு. கேட்டு வாங்கியதல்ல. பிரசவ விடுப்பில் போயிருக்கும் வகுப்பு ஆசிரியையின் அலமாரியைத் திறந்து எடுத்தது.

பதினோரு மணிக்குக் கூட்டம். நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் பதினோரு மணி என்றால் பத்து ஐம்பத்தெட்டுக்கே தொடங்கிவிடுவார்கள். இந்நேரம் பள்ளியின் உளவியலாளர் ஹெஸ்டர் காப்பியை ஊற்றியிருப்பாள். அடுத்தது அவள் அறிக்கையில் கையெழுத்து. அது விழுந்தால், கோடை விடுமுறை முடிந்ததும் பத்து வயது சீட்ஸ்கே கணக்குப் பாடமே இல்லாத வகுப்புக்குப் போவாள். அங்கே போன பிள்ளை கணக்கின் பக்கம் திரும்பி வந்து அவன் பார்த்ததில்லை.

கதவைத் தள்ளினான்.

"வாங்க வைத்தியரே!" சீட்ஸ்கேயின் அப்பா யெல்மர், பால் பண்ணைக்காரர், சிரித்தார். "பின்னாடி என் காளை ஏதும் துரத்துதா?"

சக்கர நாற்காலியில் இருந்த சீட்ஸ்கே கெக்கெக்கென்று சிரித்தாள். பெருமூளை வாதம் அவள் கால்களையும் இடது கையையும் இறுக்கிப் பிடித்திருந்தது, சிரிப்பை விட்டுவிட்டது. அந்தக் கால்களுக்கு மூன்று வருடமாக உடற்பயிற்சி கொடுப்பவன் டௌவே.

"உக்காருங்க டௌவே, முடிக்கப் போறோம்," என்றாள் ஹெஸ்டர். "எட்டும் அஞ்சும் எவ்வளவுன்னு கேட்டேன், பதில் இல்ல. சிதறிக் கிடக்கிற ஏழு புள்ளிய எண்ணச் சொன்னேன். முதல்ல ஒன்பதுன்னா, அப்புறம் ஆறுன்னா."

"புள்ளிங்க ஓடுது ஹெஸ்டர். கோழிக்குஞ்சு மாதிரி," என்றாள் சீட்ஸ்கே.

"தெரியும்டா. கண்ணு இடம் தப்புது. நேரா உக்காரவே பாதிக் கவனம் செலவாகுது. இந்த வாதம் இருக்கற நிறையப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான். உன் மேல தப்பில்ல." ஹெஸ்டர் யெல்மரைப் பார்த்தாள். "ஆனா மூணு வருஷம் சொல்லிக்கொடுத்தும் ஏறலைன்னா, மேல மேல திணிக்கறது பாவம்."

"சொல்லிக்கொடுத்தாங்களா?" என்றான் டௌவே.



அவன் சீட்ஸ்கே பக்கம் திரும்பினான். "எட்டு பத்தாகணும்னா எத்தனை வேணும்?"

"ரெண்டு."

"அஞ்சுலேர்ந்து அந்த ரெண்டை எடுத்துக் குடுத்துடு. மிச்சம்?"

"மூணு."

"இப்போ பத்தும் மிச்சமும்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பத்து நொடி. இருபது. சோதனையில் ஒரு கேள்விக்குக் கொடுக்கும் நேரம் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஹெஸ்டர் வாயைத் திறக்கப் போனாள். யெல்மர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"பதிமூணு!"

"ஏழும் ஆறும்?"

இந்த முறை இன்னும் நேரமானது. உதடுகள் மட்டும் அசைந்தன. "அதுவும் பதிமூணு. ஏமாத்தப் பாக்கறியா?" பிறகு அவள் முகம் சுருங்கியது. "இந்த வித்தைய ஏன் யாருமே எனக்குச் சொல்லல?"

ஹெஸ்டரின் பேனா நின்றது. "பத்தைத் தாண்டிக் கூட்டறது இங்கே தினமும் நடத்தற பாடமாச்சே!"

டௌவே பதிவேட்டை மேசை மேல் விரித்தான். பாட்டு, ஓவியம், வாசிப்பு, எல்லாவற்றிலும் சீட்ஸ்கேயின் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு: வந்திருக்கிறாள். காலை ஒன்பதரை மணிக் கட்டத்தில் மட்டும் வட்டம். வாரத்தில் நான்கு வட்டம். பக்கத்தைப் புரட்டினான். வட்டம். போன வருடம், அதற்கு முந்தைய வருடம். வட்டம், வட்டம்.

"ஒன்பதரைதான் கணக்கு," என்றாள் ஹெஸ்டர் மெதுவாக. "வட்டம்னா வகுப்புல இல்ல."

யெல்மரின் கழுத்து சிவந்தது. "ஒரு நாள் லேட்டா அனுப்பிருப்பேனா? பனி கொட்டினப்பக்கூட டிராக்டர்ல கொண்டுவந்து விட்டவன் நான்! வகுப்புல இல்லாம எம்பொண்ணு எங்க இருந்தா? யாரு கூட்டிட்டுப் போனது?"

"காரணம் வேணும் டௌவே," என்றாள் ஹெஸ்டர். "என் அறிக்கைய நானே கிழிக்கறதுன்னா, பேரோட எழுதணும். அதைப் பாத்து மேல இருக்கறவங்க அந்த ஆளை விசாரிப்பாங்க. தெரிஞ்சா சொல்லுங்க."

சீட்ஸ்கே டௌவேயைப் பார்த்தாள். "நான் சொல்லட்டா?"

"வேணாம். நானே சொல்றேன்."

அவன் எழுந்து நின்றான்.

"தலை தெளிவா இருக்கும்னு காலைல முதல் பாடமா கணக்கை வச்சிருக்காங்க. உடம்பு களைக்கறதுக்கு முன்னாடி பயிற்சி குடுத்தாத்தான் பலன்னு, இன்னொருத்தரும் அதே நேரத்தைத்தான் கேட்டு வாங்கினாரு. ரெண்டு அட்டவணையும் வேற வேற சுவர்ல தொங்குச்சு. சிகிச்சைன்னா எந்த டீச்சரும் மறுப்புச் சொல்ல மாட்டாங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் யாரும் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கல."

"யாரு அந்த இன்னொருத்தர்?" யெல்மர் மேசையில் குத்தினார்.

"நான்தான் யெல்மர். இவள நாலு அடி நடக்க வைக்கணும்னு, மூணு வருஷமா கணக்கு வகுப்புலேர்ந்து தள்ளிட்டுப் போனது நான்."