உச்சிப்பொழுதில் வந்த முப்பத்தெழுவர்

கூடல் மாநகரத்துக் கோபுரங்கள் நான்கும் சூளையில் மறந்துவிட்ட செங்கற்களைப்போல் வெயிலில் வெந்து நிற்க, வையை ஆறு தனக்கே நீரின்றி மணலைப் போர்த்துக்கொண்டு படுத்திருக்க, காளவாசலுக்கு அப்பால் விரிந்த சமவெளியில் கரும்பனைகள் தத்தம் நிழலைத் தாமே மிதித்துக்கொண்டு அசையாது நிற்க, மேற்கே நாகமலையானது தலை எவ்விடம் வால் எவ்விடம் என்று எவருக்கும் காட்டாத பெரும்பாம்பாய் நீண்டு கிடந்து மூச்சடக்கிக் காத்திருந்த பங்குனித் திங்களின் உச்சிப்பொழுது அது. காக்கையும் கரையாத அவ்வேளையில் அந்நிலத்து மக்கள் வழிநடக்க மாட்டார். நடந்தாலும், பின்னிருந்து எவரேனும் பெயர்சொல்லி அழைத்தால் திரும்பிப் பாரார். அறிவுசான்ற நண்பர்களே, அப்பழக்கத்தை மதியாத நூலகன் ஒருவன் செய்த பிழையையும், அப்பிழையால் இன்றளவும் அடைபடாது நிற்கும் ஒரு கதவையும் பற்றிச் சொல்லப் புகுகின்றேன். இதில் நானாகச் சேர்த்தது நாகமலையைப் பாம்பென்றது ஒன்றே. எஞ்சியவை யாவும் நூல்நிலையப் பதிவேட்டில் உள்ளவையும் கண்டவர் சொன்னவையுமே.

வெள்ளையர் சட்டத்தை மீறி உப்பெடுக்க ஊர்கள் நடந்த ஆண்டுக்குப் பின் நாலாண்டு கழிந்திருந்தது. காளவாசலிலிருந்து நாகமலைப் புதுக்கோட்டைக்குச் செல்லும் வண்டிப்பாதையோரம் நெடுநாள் ஆளின்றிக் கிடந்த நீண்ட ஓட்டுக் கொட்டகை ஒன்றை வெள்ளையடித்து, மேற்கரை நூற்கழகம் என்னும் சிறு கழகத்தார் நூல்நிலையமாக்கினர். அதற்கு நூலகனாய் அமர்ந்தவன் வெள்ளைத்துரை. வேற்றூர் உழவர் குடியிற் பிறந்து, ஏர்பிடித்த கையால் ஏடு பிடிக்க விழைந்த அவனைக் கழகத்தார் மூன்று திங்கள் சென்னைக்கு அனுப்பி நூலகப் பணியில் பயிற்றுவித்தனர். போகும்போது உரத்துப் பேசும் இளைஞனாய்ப் போனவன், வரும்போது பக்கத்தில் நிற்பவர்க்கே கேளாத குரலோடு வந்தான். நூல்களை வகைபிரிக்கவும், கிழிந்த முதுகை ஒட்டவும், எழுத்தறியாதாரைக் கூட்டிவைத்து நூலை வாய்விட்டுப் படித்துக் காட்டவும் கற்றுவந்த அவன், அங்குச் சொல்லித்தந்த மூன்று கட்டளைகளை உயிரெனப் போற்றினான். ஒன்று, வருவோரை இன்னார் என்று ஆராய்ந்து விலக்காதே. பெயரும் ஊரும் எழுதிக்கொண்டு இடம் கொடு. இரண்டு, கதையை ஒருநாளும் முடித்து நிறுத்தாதே. இறுகிய இடத்தில் அறுத்து நிறுத்து, மறுநாளும் வருவர். மூன்று, படிக்க வந்தவர் ஒருவரேனும் உள்ளிருக்கும்வரை கதவை அடைக்காதே. இம்மூன்றையும் கழகத்தின் செயலர் சின்னச்சாமி தம் கையாலேயே கழக விதிகளில் எழுதிச் சேர்த்து ஒப்பமும் இட்டார்.

ஆயின் ஆறு திங்களாகியும் அந்நூல்நிலையத்துக்கு வந்தவை இரண்டு ஆடுகளும் வழிதவறிய ஒரு வளையல்காரனுமே. செயலர் பொறுமை இழந்து, பங்குனி முடியுமுன் தாமே வந்து எண்ணிப் பார்ப்பதாகவும், முப்பதுபேர் இல்லையேல் நூல்களை நகரத்துக்கு ஏற்றிவிட்டுக் கட்டடத்தைப் பருத்தி அடுக்கக் கொடுத்துவிடுவதாகவும், வெள்ளைத்துரை மீண்டும் ஏர்க்காலுக்குத் திரும்பலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

அதுகேட்டுக் கலங்கிய வெள்ளைத்துரை, வயலில் உழைப்போர் ஓய்ந்திருக்கும் வேளை உச்சிப்பொழுதே என்று கணக்கிட்டு, அப்பொழுதில் கதை படிக்கப்படும், வருக என்று எட்டுத்திக்கும் பறையறைவித்தான். நூல்நிலையத்தைப் பெருக்கித் தண்ணீர் நிரப்பும் மலையாண்டிக்கு அது சற்றும் பிடிக்கவில்லை.

"அண்ணே, உச்சியில கூப்பிட்டா வாரவுக வேற ஆளுக. நமக்கு எதுக்குண்ணே?"

"வாரவுக யாரா இருந்தா என்னய்யா? யாருன்னு கேக்கக் கூடாதுன்னுதான மூணு மாசம் படிச்சிட்டு வந்திருக்கேன்."

மலையாண்டி பானையை நிரப்பி வைத்தான். அன்றுமுதல் உச்சிக்கு ஒரு நாழிகை முன்பே கஞ்சி குடிக்கப் போய்விட்டு, வெயில் சாய்ந்தபின்னரே திரும்பினான்.

முதல்நாளே வந்தனர். பாதையில் வருவதை வெள்ளைத்துரை காணவில்லை. பலகையில் நூலை விரித்து நிமிர்ந்தபோது அமர்ந்திருந்தனர். பங்குனி வெயிலில் ஒவ்வொருவரும் கருங்கம்பளி போர்த்தியிருந்தனர். ஒருவரோடொருவர் ஒட்டி அமராமல், இடையிடையே ஒரு பாய் விரிக்கும் அகலம் விட்டு, இருபுறச் சுவரோரமும் அணியணியாய் அமர்ந்திருந்தனர். இருமுவார் இல்லை; தும்முவார் இல்லை. பானைத் தண்ணீரைப் பலரும் மொண்டு குடித்தனர். பானை விளிம்பளவும் நிறைந்தபடியே இருந்தது. இத்தகைய ஒழுங்கைச் சென்னையிலும் கண்டதில்லை என்று வெள்ளைத்துரை மகிழ்ந்தான். பதிவேட்டில் பெயர் எழுதி ஊர் எது என்று வினவியபோது, முப்பத்தெழுவரும் ஒருவர்போல் "இங்கதான்" என்றனர். அவனும் முப்பத்தேழு வரியிலும் 'இவ்விடம்' என்று முத்துமுத்தாய் எழுதிவைத்தான்.

அவன் படித்தது, வெள்ளம் கொண்டுபோன மகளைத் தேடி ஆற்றங்கரை வழியே நடக்கும் ஒரு தாயின் கதை. தாய் ஒரு குடிசையின் கதவைத் தட்டும்போது நிறுத்தினான். மறுநாள் வந்தனர். மணலிலே சிறுவளையல் ஒன்று மின்னும்போது நிறுத்தினான். மறுநாளும் வந்தனர். முன்வரிசையில் ஒச்சாயி என்றொருத்தி கண்ணிமையாது கேட்பாள். அவளுக்கு எதிர்ச்சுவரில் காசிமாயன் என்னும் பெருத்த மீசைக்காரன், நான்காம் வரி படிக்குமுன் தாடை நெஞ்சில் பட உறங்குவான்.

"இவன் எதையுமே முழுசாப் பாத்ததில்ல தம்பி. கல்யாணத்துல தாலி கட்டுற நேரத்துலயே தூங்குன ஆளு" என்றாள் ஒச்சாயி.

"யாரு கல்யாணத்துலங்க?"

"அவன் கல்யாணத்துலதான்."

பதினெட்டாம் நாள், அவன் நூலை மூடியபோது ஒச்சாயி எழவில்லை. போர்வைக்குள் கைகளை இறுக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அந்தப் புள்ள கிடைச்சிருச்சா இல்லையா? அத மட்டும் சொல்லிரு தம்பி. எம்புட்டு நாளாக் காத்துக் கெடக்கேன்."

"நாளைக்கு வாங்க ஆத்தா, படிக்கிறேன்."

"நாளைக்கு வாரதுக்கு நாங்க எங்க போறோம்?"

அச்சொல்லின் குளிர்ச்சி, கோடைமழையின் முதல் துளி பிடரியில் விழுந்தாற்போல் அவனைத் தீண்டியது. ஆயினும் கட்டளை கட்டளையே என்று பதிவேட்டை மடித்தான்.

செயலர் வருவதற்கு முந்தின நாள், சுவரைத் தூய்மை செய்த மலையாண்டியின் துடைப்பம் பட்டு வெள்ளை உதிர்ந்தது. அடியிலே கருமையால் ஓர் எண் தெரிந்தது. ஒரு பாய் அகலம் தள்ளி அடுத்த எண், பின் அடுத்தது. இருபுறமும் உதிர்த்துப் பார்த்தபோது எண்கள் முப்பத்தேழு. ஒவ்வோர் எண்ணின் கீழும் அமர்பவர் யார் யார் என்று வெள்ளைத்துரை பதிவேட்டை எடுத்துப் படிக்கப் படிக்க, மலையாண்டி துடைப்பத்தை மெல்லக் கீழே வைத்தான். பதினைந்து ஆண்டுகட்கு முன் பேதிநோய் ஊரை வாரிய நாளில் நோயுற்றோரைக் கொண்டுவந்து பாய்க்கு ஓர் எண் இட்டுக் கிடத்திய கொட்டகை அதுவே என்றும், அன்று அவர்கட்குத் தண்ணீர் ஊற்றியவன் தானே என்றும், அப்பெயருடையார் முப்பத்தெழுவரில் எழுந்து நடந்தவர் எவருமில்லை என்றும் சொன்னான். காசிமாயனைப் பற்றிக் கேட்டதற்கு, "அவன் தூக்கத்துலயே போனவன். செத்தது அவனுக்குத் தெரியுமோ என்னவோ" என்றான்.

"ஒச்சாயி?"

"கைப்புள்ளைய உள்ள விடாம வெளிய வச்சுக்கிட்டாக. புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சு. பதில் சொல்ல ஆளில்ல."

"புள்ள என்னதான் ஆச்சு?"

"அதுக்கென்ன, நல்லா இருக்கு. பழங்காநத்தத்துல பெரியம்மா வளத்துச்சு. போன தைலதான் கல்யாணம்."

நண்பர்களே, அந்நூலில் எஞ்சியது ஒரே பக்கம். அதைப் படிக்காது நிறுத்தினால் நாளை முப்பத்தெழுவரும் செயலர் கண்முன் அமர்ந்திருப்பர். கட்டடம் நிற்கும், வேலையும் நிற்கும், ஒச்சாயியின் வினாவும் அங்ஙனமே நிற்கும். படித்து முடித்தாலோ, கேட்டு முடித்தவர் எழுந்து போவர்; அவர் போனால் பருத்தி வரும். கதையை அறுக்கும் கலையைக் கற்பித்தவர்கள், அறுத்த கதையில் சிக்கியவரை விடுவிக்கும் வகையைக் கற்பிக்கவில்லை. வெள்ளைத்துரை அன்று சோறுண்ணவில்லை என்பதை மலையாண்டி சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

மறுநாள் உச்சியில் செயலர் சின்னச்சாமி குடையோடு வந்து, நாற்காலியில் அமர்ந்து, விரல்விட்டு எண்ணினார். முப்பத்தேழு. முகம் மலர்ந்து, இவர்கள் ஏன் கம்பளி போர்த்தியிருக்கின்றனர் என்று மட்டும் கேட்டார். வெயிலுக்கு என்றான் வெள்ளைத்துரை. பின்பு நூலை விரித்தான். தாய் கடைசி ஊரின் கரையேறினாள். வேப்பமரத்தடியில் விளையாடிய சிறுமி தலைதிருப்பினாள். நிறுத்துவதற்கு அதனினும் இறுகிய இடம் உலகத்து நூல்களில் இல்லை. வெள்ளைத்துரை ஒருமுறை செயலரைப் பார்த்தான். ஒருமுறை ஒச்சாயியைப் பார்த்தான். பார்த்தபின் பக்கத்தின் அடிவரை படித்தான். தாயும் மகளும் வீடு சேர்ந்தனர். அங்கே நூல் முடிந்தது, அவன் முடிக்கவில்லை. அச்சில் இல்லாத ஒரு சொல்லையும் நூலில் சேர்க்கலாகாது என்று மூன்று திங்கள் பயின்றவன், தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வரி சேர்த்தான்.

"அந்தப் புள்ள வளந்து, போன தைல கல்யாணமாகி, பழங்காநத்தத்துல நல்லா இருக்கு."

ஒச்சாயி போர்வைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தாள். பின்பு, சந்தைக்கு வந்தவள் வீட்டு நினைவு வந்து எழுவதுபோல் எழுந்து, கம்பளியை நான்காய் மடித்து இடத்திலே வைத்துவிட்டு, மேலைக் கதவு வழியே வெயிலுக்குள் நடந்தாள். ஒருவர்பின் ஒருவராய் மற்றவரும் மடித்தனர், நடந்தனர். காலடி ஓசை எழவில்லை. சுண்ணாம்பு மணம் மட்டும் சிறிது எழுந்து அடங்கியது. மடித்த கம்பளிகளோ, செயலர் மீண்டும் எண்ணக் குனிந்தபோது தரையில் இல்லை.

"என்னய்யா, எல்லாரும் சொல்லாமக் கொள்ளாம எங்க போறாக?"

"வீட்டுக்குங்க."

செயலர் மனம் கசந்து, ஆளில்லாக் கூடத்தில் தமக்கு என்ன வேலை என்று கதவைப் பூட்டச் சொன்னார். அப்போது இடப்புறச் சுவரோரம் மெல்லிய குறட்டை கேட்டது. பத்தொன்பதாம் எண்ணின் கீழே, தாடை நெஞ்சில் பதிய, காசிமாயன் இருந்தான். முடிவு படிக்கப்பட்ட பொழுதிலும் அவன் விழிக்கவில்லை.

"உள்ள ஒருத்தர் இருக்காருங்க. அடைக்க முடியாது. நீங்க எழுதுன விதிதான்" என்றான் வெள்ளைத்துரை.

செயலர் தாமே எழுப்பச் சென்று, தோளில் கைவைத்தார். வைத்த கை தோளில் தங்காமல் பின்சுவரைத் தொட்டது. பிறகு மெல்ல எடுத்து, அதில் படிந்த சுண்ணாம்பைப் பார்த்து, வேட்டியில் துடைத்து, திரும்பிவந்து, பதிவேட்டில் எழுதினார்: 'ஒருவர் உள்ளார். அடைக்க இயலவில்லை.' பருத்தி வேறிடம் போயிற்று.

அதன்பின் பங்குனிதோறும் அவ்வரியையே எழுதி ஒப்பமிட்டார். அவர்க்குப் பின் வந்தவரும் அங்ஙனமே எழுதுகின்றார். வெயில் சாய்ந்த வேளைகளில் இப்போது உயிருள்ளவர்களும் வருகின்றனர். பத்தொன்பதாம் எண்ணின் கீழ் மட்டும் எவரும் அமர்வதில்லை. சிறந்த நடையுடைய நூல்களும் நல்ல மனம் படைத்த கழகமும் தாங்கி நிற்பதாக அந்நிலையத்தைப் புகழ்வார் உளர். எனக்குத் தெரிந்தவரை அதைத் தாங்கி நிற்பது, முடிவைத் தவறவிட்ட ஒருவனின் உறக்கமே. வெள்ளைத்துரை தலைநரைத்த பின்னும் வெள்ளிதோறும் உச்சியில் அக்கடைசிப் பக்கத்தைக் கையிலேந்தி அவனருகே குனிந்து, "காசிமாயண்ணே, முடிவப் படிக்கட்டுமா?" என்று கேட்கின்றான். மிக மெல்லக் கேட்கின்றான். அது சென்னையில் கற்ற குரலா, விழித்துவிடப் போகின்றானே என்னும் அச்சமா என்பதை அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.