முப்பது ஆகட்டும்

ரிப்போர்ட்டைப் படித்த டாக்டரம்மா அக்காவின் வயதைக் கேட்டார். அவள் மாமியார் முந்திக்கொண்டாள்.

"முப்பது தாயி. போன மாசம்தான் முடிஞ்சுது."

அக்கா சந்தனச்செல்விக்கு முப்பத்து மூன்று. அது தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர், அவளும் நானும். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்த மூன்று வருடத்தைக் குறைத்தது என் கைதான். எங்கள் தெருவுக்கு முதன்முதலில் ஆதார் எடுக்க வந்தபோது படிவத்தை நான் நிரப்பினேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு வயது கூடுதலாகத் தெரியக்கூடாது என்று அம்மா குறைக்கச் சொன்னாள். சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை, சொன்னதை ஏற்றிக்கொண்டார்கள். பிறகு அந்தத் தேதிக்கே புதிதாக ஜாதகமும் எழுதி வாங்கினோம். அப்படிக் குறைக்காத வீடு எங்கள் தெருவில் குறைவு.

"கார்டுப்படி நீ எனக்கு ஒரு வயசுதான் மூப்பு. இனி பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன்" என்றேன் அக்காவிடம், கார்டு வந்த அன்று.

"கூப்பிட்டுப் பாருல, செவுள் பிஞ்சிரும்" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன், பள்ளிக்கூடம் ஒன்றில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் போட்டார்கள். அக்காவோடு கம்பெனியில் இறால் உரித்த ஒருத்தி அந்த நோயில் செத்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. தனக்கும் பார்த்துவிட்டால் நிம்மதி என்று மாமியாரைக் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள் அக்கா. நான் ஹார்பர் யார்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேரே அங்கே போனேன்.

நர்ஸ் ஜெபசுதா கார்டைத் திருப்பித் தந்தாள். "இருவத்தேழுதானக்கா ஆவுது. முப்பது ஆவட்டும்."

"இப்பமே பாத்தா என்ன சிஸ்டர்?"

"சின்ன வயசுல அந்தக் கிருமி வரும், முக்காவாசி தானாப் போயிரும். அதப் போய் நோண்டிப் பொசுக்கி, ஒங்களையும் பயங்காட்டணுமா? அதுக்குத்தான் முப்பதுன்னு வச்சிருக்காவ."

மாமியார் சிரித்தாள். "கேட்டுக்கிட்டியாளா? அதுக்குள்ள கெழவியாவ அவசரம் ஒனக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் அத்தை, அக்காவின் மாமியார், நின்றாள். கல்யாணத்தில் ஏமாற்றினோம் என்று தெரிந்தால் தெருவையே கூட்டிவிடுவாள். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். இதையெல்லாம் யோசித்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். எனக்குத் தூக்கம் வந்தது என்பதும் உண்மை.

"சிஸ்டர் சொல்லுதாவல்லா, பொறவு பாத்துக்கிடலாம்க்கா" என்றேன். யாருக்கும் தெரியாமல் வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக அன்று மாலை போனில் சொன்னேன். கூட்டிப்போகவில்லை. அவள் இரண்டு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

"ரெண்டு மூணு வருஷம் முந்திப் பாத்திருந்தா சின்ன சிகிச்சையோட முடிஞ்சிருக்கலாம்" என்றார் இப்போது டாக்டரம்மா, புற்று முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டு.

"அப்பமே கூட்டிட்டுப் போனேன் தாயி!" மாமியாரின் குரல் உடைந்தது. "முப்பது ஆவட்டும்னு திருப்பி அனுப்பிட்டாவ. நானும் நாள எண்ணிக்கிட்டே இருந்தேன். முப்பது முடிஞ்ச மறுவாரமே கூட்டியாந்துட்டேனே. நான் என்ன தப்பு பண்ணுனேன்?"

"நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா" என்று சொல்லி டாக்டரம்மா தாளில் முப்பது என்று எழுதினார். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். அத்தை டீ வாங்கப் போனாள்.

"அத்தைட்ட சொல்லிரட்டாக்கா?"

"இப்பம் சொல்லி? அவியளும் சேந்து சாவணுமா? ஒனக்கு மனசு ஆறணும்னா கடல்ட்ட போய்ச் சொல்லு."

அத்தை இரண்டு கப்புகளோடு வந்தாள். ஒன்றில் டீ, மற்றது காலி. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றினாள். ஆவி நின்ற பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். அக்கா கையை நீட்டியபடி காத்திருந்தாள்.