பேசக்கூடாத டாக்டர்

நைனாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போதுதான் மருத்துவமனையின் மலர்வளையம் தோணிரேவு மீனவக் குப்பத்துக்குள் நுழைந்தது. தூக்க இரண்டு பேர். நடுவில் ஜிகினா எழுத்து: 'உண்மையே எங்கள் முதல் மருந்து.'

நந்தினி அதை நேற்றே பில் கட்டும் இடத்தில் படித்திருந்தாள். நோயாளியிடம் எதையும் மறைக்க மாட்டோம் என்ற உறுதிமொழியும் கண்ணாடிக்குள் தொங்கியது. அதன் கீழே நின்றுதான், ஒரு ஊசியின் பேரைச் சொல்லி, அது நைனாவுக்கு ஒத்துக்காது என்று நர்ஸிடம் சொன்னாள். காய்ச்சல் என்று நடந்து உள்ளே போன அவள் அப்பா முனியன், ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் துணி மூடி வெளியே வந்தார்.

மலர்வளையத்துக்குப் பின்னால் டாக்டர் ஜெகதீஸ்வரன். அவர் வாயையே பார்த்தபடி மேனேஜர் பிரவீன்.

"இன்னா ஊசி சார் போட்டீங்க?" என்றாள் நந்தினி.

டாக்டர் வாயைத் திறந்தார். பிரவீன் அவர் முழங்கையைப் பிடித்தார்.

"ஆழ்ந்த அனுதாபங்கள்," என்றார், இருவர் சார்பிலும்.

"உங்கள கேக்கல. சார், ஒத்துக்காதுன்னு சொன்னேனே, நர்ஸு உங்களாண்ட சொன்னாங்களா இல்லியா?"

பிரவீன் அவளை ஓரமாக அழைத்தார்.

"போர்டுல இருக்கறது நெறிம்மா, சட்டம் இல்ல. அத மீறினா டாக்டருங்க கவுன்சில் பாத்துக்கும். நஷ்டஈடுன்னா கோர்ட்டு. ஊசியாலதான் போனாருன்னு நீங்கதான் நிரூபிக்கணும். சார் இப்ப எதையாவது ஒத்துக்கிட்டா இன்சூரன்ஸ்காரன் கைவிட்டுடுவான்."

"அப்ப உண்மைய யாராண்ட சொல்வீங்க?"

"அதுக்கு கமிட்டி இருக்குது. மூணு மாசத்துக்கு ஒருவாட்டி கூடும்."

நிரூபிக்க இருந்த ஒரே சாட்சி பாடையில் படுத்திருந்தது. எரித்துவிட்டால் அதுவும் இல்லை.

பிணம் எடுக்கும்வரை ஊரில் யாரும் ஏரியில் வலை போடக் கூடாது. ஊர்த் தலைவர் வரதன் மறுபடி வானத்தைப் பார்த்தார்.

"காத்து திரும்பிடும் பாப்பா. எடுத்துடலாம்."

"வேணா மாமா. பெரியாஸ்பத்திரில அறுத்துப் பாக்கணும்."

அம்மா கோவிந்தம்மா தலை நிமிர்ந்தாள். "இன்னாடி சொல்ற? செத்த மனுசன இன்னொருவாட்டி சாவடிக்கணுமா?"

வரதன் கை காட்டினார். பாடையைத் தூக்க நான்கு பேர் குனிந்தார்கள்.

"டாக்டரய்யாவும் ஒரு தோள் குடுக்கட்டும்," என்றது கூட்டத்தில் ஒரு குரல். டாக்டரே தூக்கினால் ஊருக்கே பெருமை. பிரவீன் மலர்ந்த முகத்தோடு போனை உயர்த்தினார்.

நந்தினி மூங்கிலைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். பாடை அவள் கையோடு எழும்பியது.

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். தோள் கொடுக்கவில்லை. அவள் கைக்குப் பக்கத்தில், மூங்கிலின் மேல், தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

பாடை தரையில் உட்கார்ந்தது.

பிரவீனின் போன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.