காசளவு பேட்டரி

பழவேற்காடு ஏரிக்கரையில் வாழும் சகல ஜனங்களுக்கும், ஏரிக்குள் வாழும் இறால், நண்டு வகையறாக்களுக்கும் இதனால் அறிவிப்பது: இந்தக் குப்பத்தில் பெட்ரோல் யுகத்தைத் தனியொருவராக முடித்துவைத்த மீனவர் சங்கத் தலைவர் உலகநாதனின் மின்சார ஸ்கூட்டர் வண்டி இன்று காலை கிளம்பவில்லை.

சார்ஜ் முழுசாக இருந்தது. கோளாறு சாவியில். தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத அந்த ரிமோட்டுக்குள் ஒரு ரூபாய்க் காசளவு பேட்டரி ஒன்று உண்டு. அது செத்தால் வண்டிக்குத் தன் முதலாளியையே அடையாளம் தெரியாது. தலைவர் வண்டியிடம் முதலில் அதிகாரமாகவும் பிறகு கெஞ்சலாகவும் பேசிப் பார்த்தார். கடைசியில் அவர் மனைவி ஜெயம்மாதான் பஜார் வாட்ச் கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்தாள்.

ஜெயம்மாவின் கவலை வண்டியைப் பற்றியதல்ல. தானாகக் கல்யாணம் செய்துகொண்டு பட்டணம் போன மகள் ஜமுனா, இரண்டு வருஷம் கழித்து இன்று, முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் அனுப்பம்பட்டில் ரயிலில் வந்து இறங்குகிறாள். "நைனா ஸ்டேஷனுக்கு வந்து கூப்ட்டா வூட்டுக்கு வரேன். இல்லாட்டி அடுத்த ரயில்ல திரும்பிடுவேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். "என் வண்டியில வந்து கூட்டினு வரேன்னு சொல்லு" என்று தலைவர் மேடைக் குரலில் பதில் அனுப்பியிருந்தார்.

இப்போது வெள்ளைச் சட்டையோடு வாசலில் குந்தி, ரிமோட்டைப் பிளந்து வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிரீஸ் டப்பா. படகு விளக்கின் பேட்டரி முனைகளை உப்புக்காற்று அரிக்காமல் இருக்க கிரீஸ் அப்புவார்கள். தலைவர் அதே நியாயத்தில் அந்தக் காசு பேட்டரியின் இரண்டு பக்கமும் விரலால் வழித்து அப்பினார். அப்பி, உள்ளே வைத்து, மூடி, அமுக்கினார். வண்டி அசையவில்லை.

எதிரே வலை பிரித்துக்கொண்டிருந்த நாகப்பன் தலை தூக்கினான். "இன்னா தலைவரே, எண்ண தேச்சி குளிப்பாட்டிட்ட போலக்குது. சாம்பிராணி போட்டியா?"

"உனுக்கு இன்னா தெரியும்? இது டெக்னாலஜி."

ஷேர் ஆட்டோ தெருமுனையில் வந்து நின்று ஆரன் அடித்தது. ஜெயம்மாவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாசலுக்கும் முனைக்கும் நடந்தாள்.

"ஏறிப் போயேன்யா."

"ஷேர் ஆட்டோல போயி நிக்கச் சொல்றியா? நைனாவுக்கு ஒரு வண்டிகூட இல்லைன்னு புருசன்கிட்ட போயி சொல்லுவா."

ஆரன் மறுபடி அடித்தது. ஜெயம்மா நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கி இதே வாசல்ல நின்னு அவள வெளிய போன்னு சொன்ன. அப்ப உன்கிட்ட வண்டி இல்ல. வாய் மட்டும்தான் இருந்துச்சி."

நாகப்பன் வலைக்குள் குனிந்துகொண்டான். தலைவர் கிரீஸ் விரல்களைத் தரையில் தேய்த்தார். பிறகு ரிமோட்டை ஜெயம்மாவின் கையில் திணித்துவிட்டு, முனைக்கு நடந்தார். பாதித் தெருவில் ஓடவே தொடங்கினார். மீன் கூடைகளுக்கு நடுவே அந்த வெள்ளைச் சட்டை செருகிக்கொண்டது. ஆட்டோ புகையைக் கக்கியபடி கிளம்பியது.

ஜெயம்மாவுக்குக் கை சும்மா இருக்க மறுத்தது. ரிமோட்டைத் திறந்தாள். பேட்டரியை எடுத்து முந்தானையில் அழுந்தத் துடைத்தாள், எண்ணெய் இறங்கிய குத்துவிளக்கைத் துடைப்பதுபோல. திரும்ப உள்ளே வைத்து அமுக்கினாள்.

வண்டி கீச்சென்றது. நல்ல வெயிலில் முன்விளக்கு, பின்விளக்கு, பக்கவிளக்கு எல்லாம் எரிந்து கண் சிமிட்டின. அதே நேரம் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"எறங்கிட்டேன்மா. நைனா எங்க?"

"வந்துனே கீறாரு. கொஞ்சம் நில்லுமா."

"எவ்ளோ நேரம் நிக்கறது? பட்டணம் போற எதிர் ரயில் வர்ற மாதிரி இருக்கு."

வண்டி கிளம்பத் தயாராக, விளக்குகள் எரிய, வாசலில் நின்றது. ஜெயம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.