வள்ளத்து எஞ்சின்

முத்துமாலை சண்டை போடுகிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. அவன் நாலு ஏச, நான் எட்டு ஏச, பொழுது போயிருக்கும். ஷேக் மைதீன் பட்டறையில் வண்டியை விட்டால் வேலையும் நடக்கும், ஏச்சும் கிடைக்கும் என்று தச்சநல்லூருக்கே தெரியும். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் குரலை உயர்த்தாத வண்டிக்காரன் அவன் ஒருத்தன்தான்.

அவனுடைய ஜீப்பு முப்பது வருஷப் பழசு. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. பாபநாசத்துக்கு மேலே, அணை தாண்டி, காட்டுக்குள் இருக்கிறது அவர்கள் குடியிருப்பு. அந்தப் பாதையில் வேறு எதுவும் ஏறாது. தினமும் ஒன்பது பிள்ளைகளைக் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு போவான். அதில் ஒருத்தி அவன் மகள் ஸ்னேகா. பத்தாவதில் நானூற்று முப்பது எடுத்து, பிளஸ் ஒன் சேர இருக்கிறவள். ஏப்ரலில் அவளுடைய கடைசிப் பரீட்சை முடிந்த வாரம் எஞ்சின் வெடித்து, இனி ஆகாது என்று ஆகிவிட்டது.

வேறு வண்டி வைத்தால் என்ன என்று நானும் கேட்டேன்.

"பாய், ஃபாரஸ்ட் செக்போஸ்ட்ல இந்த வண்டி நம்பருக்குத்தான் பாஸ் இருக்கு. புதுசுக்கு எழுதிப்போட்டா ஆறு மாசம் ஆவும்" என்றான்.

நடந்து இறங்கலாம் என்றால் பன்னிரண்டு கிலோமீட்டர், யானை நடமாட்டம் வேறு. பையன்களுக்கு விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. பெண்பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. கீழே தங்கவைக்கச் சொந்தக்காரர்களும் கிடையாது. முத்துமாலையின் தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பிள்ளையைச் சும்மா வைத்திருக்காதே, என்னோடு அனுப்பு என்று வாரம் தவறாமல் போன் போடுவாள். பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்று இவன் தள்ளிக்கொண்டே வந்தான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் வண்டி மலை ஏறாவிட்டால் ஸ்னேகாவின் படிப்பு நின்றது, அவ்வளவுதான்.

அந்த மாடல் எஞ்சின் இப்போது எந்தப் பழைய இரும்புக் கடையிலும் இல்லை. மதுரை வரைக்கும் அலைந்தேன். கடைசியில் திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரையில் பெனோ என்கிற மீன்பிடிக்காரன் கிடைத்தான். அதே எஞ்சினை வள்ளத்தில் மாட்டி ஏழு வருஷம் கடலில் ஓட்டியிருக்கிறான். மணலில் வைத்தே ஓட்டிக் காட்டினான். சத்தம் அவ்வளவு சுத்தம். கை குலுக்கும்போது அவன் ஒன்று சொன்னான்.

"ஓடுதத அப்படியே ஓட விடுங்க பாய். உள்ள கையக் கிய்ய வைக்காதீங்க."

வலை இழுக்கிறவன் எனக்கு எஞ்சின் சொல்லித்தருகிறானாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் திமிர் அப்படி.

பட்டறைக்குக் கொண்டுவந்து தண்ணீரை வடியவிடுகிற திருகைக் கழற்றினேன். சேறு. துருவும் உப்பும் கலந்த செங்கல் நிறச் சேறு. வள்ளத்தில் எஞ்சினைக் குளிர வைக்கக் கடல் தண்ணீரையே உறிஞ்சி உள்ளே விடுவார்கள் அல்லவா, அத்தனை வருஷ அழுக்கும் அங்கே தங்கியிருந்தது. என் கையால் அதை அப்படியே மாட்ட மனசு வரவில்லை. பிள்ளைகள் ஏறுகிற வண்டி. ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, ஒரு பகல் முழுக்க ஊறவிட்டேன். அப்புறம் தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் விட்டுத் தெளிவாக வருகிற வரைக்கும் அலசினேன். "புது எஞ்சின் மாதிரில்லா ஆக்கிட்டிய" என்றான் முத்துமாலை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

சனிக்கிழமை காலையில் பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகினேன். ஒரே திருகில் பிடித்தது. முத்துமாலையைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தாழையூத்து வரை போய்த் திரும்பினேன். பட்டறை வாசலுக்கு வரும்போது பின்னால் வெள்ளைப் புகை. எஞ்சின் முக்கி முக்கி நின்றது. ஆயில் பார்க்கிற கம்பியை உருவினேன். ஆயில், பால் விட்ட டீ மாதிரி இருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் தண்ணீர் ஓடுகிற உள்சுவரில் மூன்று இடத்தில் பொத்தல். ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாகக் குத்தினால் இரும்பு உதிர்கிறது. வெல்டிங்கும் நிற்காது, ஒன்றும் நிற்காது. அல்லாஹ்வே!

உடனே பெனோவுக்குப் போன் போட்டேன்.

"ஏலே பெனோ, நல்லா இருப்பியாலே நீ? ஓட்ட எஞ்சினத் தலையில கட்டிட்டியே."

நான் ஏசி முடித்தேன். அப்புறம் மெதுவாகக் கேட்டான். "பாய், உள்ள ஆசிட் ஊத்தினியளா?"

மூலையில் கிடந்த காலி ஆசிட் கேனைப் பார்த்தேன்.

"ஏழு வருஷம் உப்புத் தண்ணி அரிச்ச இரும்பு பாய் அது. எப்பவோ பொத்துப்போச்சு. அந்தப் பொத்தல அடச்சுக்கிட்டுக் கெடந்ததே அந்த உப்பும் துருவுந்தான். நாங்க அதத் தொடவே மாட்டோம். அதுக்குத்தான ஒங்கள்ட்ட அன்னைக்கே சொன்னேன்."

போனை வைத்தேன். முத்துமாலை நான் ஏசியதை மட்டும்தான் கேட்டிருந்தான்.

"ஏமாத்திட்டானா பாய்? வாங்க, போய்க் கேப்போம்."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழி கடற்கரைக்குப் போய்விடும், என் பெயர் நிற்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

"அவன் ஏமாத்தல வே. அப்படியே விடுன்னுதான் சொன்னான். நாந்தான் கழுவிக் கெடுத்துப்போட்டேன்."

அவன் குனிந்து அந்தப் பொத்தலில் விரலை வைத்துப் பார்த்தான்.

"நல்லதுக்குத்தான பாய் செஞ்சிய" என்றான்.

அதற்கு அவன் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும், அப்படி ஒரு போன் அது. ஸ்னேகாதான்.

"அப்பா, வண்டி ஆயிட்டா?"

"இல்லம்மா. பழைய எஞ்சின்லா, கெட்டுப்போச்சு." என் பெயரை அவன் எடுக்கவே இல்லை.

பிறகு அவள் கேட்டாள். "அப்ப அத்தைக்கு வாரேன்னு சொல்லிரட்டாப்பா?"

எனக்குப் பொறுக்கவில்லை. போனை அவன் கையிலிருந்து வாங்கினேன். "ஏ பிள்ள, பட்டறை மாமா பேசுதேன். அவசரப்படாத. நான் வேற எஞ்சின் தேடுதேன்."

"ஒரு மாசத்துல கெடச்சிருமா மாமா? நான் டீச்சர்கிட்ட ஒரு மாசம் லீவு கேட்டுப் பாக்கேன். ஒரு மாசம்னா தருவாங்க."

இருபத்தாறு வருஷமாக ஆயிரம் பேரிடம் 'நாளைக்கு வாங்க, ஆயிரும்' என்று கூசாமல் சொன்ன வாய் இது. அன்றைக்கு அதிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"மாமா?" என்றாள்.

முத்துமாலை என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டான். "அத்தைக்குப் போன் போடும்மா" என்றான்.