பதினோராவது அம்புக்குறிக்கு அப்பால்

"தனியப் போகாதங்க சேர். ஆரையாவது கூட்டிட்டுப் போங்க."

"ஆரைக் கூட்டிட்டுப் போக? நீங்க வாறீங்களா மிஸ்?"

"நான் வந்தா பாதி வழியில என்னைத் தூக்கிட்டு வரவேணும்."

"அதுக்கென்ன, பெயின்ற் வாளியும் தூக்குறன்தானே."

வெள்ளிக்கிழமை பின்னேரம், செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது பேசியது. சுலோஜனா சிரித்துவிட்டு, அதற்குமேல் ஒன்று சொல்ல வாயெடுத்தாள். பஸ் வந்துவிட்டது.

இன்று ஞாயிறு. உதயரூபன் காட்டுக்குள் போய் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்துவிட்டன.

இருவருக்கும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் வேலை. அவளுக்கு ஆய்வுகூடம், அவருக்கு நூலகம். விடுமுறை நாட்களில் அவருக்கு மலையேறும் பைத்தியம். குடும்பிமலைப் பக்கம் நடக்க வருகிறவர்கள் வழிதவறக் கூடாதென்று பாறைகளில் மஞ்சள் அம்புக்குறி போடப் போனவர், தானே வழிதவறிவிட்டார். மோட்டார் சைக்கிள் குளக்கட்டில் நின்றது. கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. சுலோஜனா விடியும்முன் ஓட்டோ பிடித்து வந்து, மாட்டுப்பட்டிக்காரர் கந்தப்போடியையும் நாலைந்து வேளாண்மைக்காரரையும் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

ஆண்கள் வாயில் கைவைத்து "கூ... கூ..." என்று நீளக் கூப்பிட்டார்கள். இடையிடையே யானைவெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள். காடே அதிர்ந்தது. பதில் இல்லை.

பதினோராவது அம்புக்குறியோடு மஞ்சள் முடிந்தது. வாளி கவிழ்ந்து கிடந்தது. கந்தப்போடி குந்தியிருந்து ஈரமண்ணைப் பார்த்தார்.

"புது அடி. ராவு மழை விட்ட பிறகு, இண்டைக்கு விடியத்தான் வெச்சிருக்கார்."

உயிரோடு இருக்கிறார்! சுலோஜனாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் கந்தப்போடியின் முகம் தெளியவில்லை.

"ஓடுறார் புள்ள. நாம கூப்பிடக் கூப்பிட அங்கால அங்கால ஓடுறார். தேடி வாற ஆக்களைக் கண்டு ஓடுறவர் எண்டா... வீட்டில ஏதும் சச்சரவா? காணாமப் போகவெண்டே வந்தவரோ?"

யுத்தத்தில் எத்தனையோ பேர் காணாமல் போன இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லை யாரும் இலேசாகச் சொல்வதில்லை. அவர் தாமே நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "நீங்க அவருக்கு என்ன முறை?"

"ஒரே இடத்தில வேலை."

"ஒரே இடத்தில வேலை செய்றவ செருப்பு அறுந்தும் இவ்வளவு தூரம் வாறவவா?"

அவள் அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். என்ன சொல்ல? தங்கைகள் இருவருக்கும் வீடு கட்டிக் கரையேற்றிவிட்டு நாற்பத்திரண்டு வயதில் நிற்கிற மனிதர் அவர். இந்த ஊர் முறைப்படி பெண் வீட்டார் போய்த்தான் மாப்பிள்ளை கேட்க வேண்டும். அவராக வாய் திறக்கமாட்டார். "நீ ஓம் எண்டு சொல்லு, நாளைக்கே வெத்திலைத் தட்டத்தோட போறன்" என்று அம்மா புஸ்பம் ஐந்து வருஷமாகக் கேட்கிறாள். போய்க் கேட்டு, அவர் மாட்டேன் என்றுவிட்டால்? பகல் சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்து தன் மீன்பொரியலில் பாதியை அவள் தட்டில் வைக்கிற அந்தச் சிநேகமும் போய்விடுமே. அந்தப் பயத்தில் சொல்லாமலே விட்டாள். இனிச் சொல்ல ஆளே இல்லாமல் போய்விடுமோ?

இன்னொரு வெடி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பின்னால் புதருக்குள் ஆள் ஓடிவரும் சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். வயல்வட்டையில் யானைக்குக் காவல் இருந்த ஒருவர், கையில் தீப்பந்தக் கட்டையோடு இரைக்க இரைக்க வந்து நின்றார்.

"எந்தப் பக்கத்தால வருகுது?"

"என்ன வருகுது?" என்றார் கந்தப்போடி.

"ஆனைதான்! கூக்காட்டி வெடியும் போட்டுக் கலைக்கிறீங்க, என்ன வருகுது எண்டு என்னட்டக் கேக்கிறீங்க!"

சுலோஜனா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கத்தினாள். "நிப்பாட்டுங்க! வெடி போட ஒண்ணா, கூக்காட்டவும் ஒண்ணா! ஆனையை அவர்ட பக்கம் கலைச்சு விடுறீங்க எண்டு நினைச்சுத்தான் ஓடுறார்!"

கந்தப்போடி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட கடவுளே! தேடி வந்த நாமதானா அந்த மனிசனைத் துரத்திக்கொண்டு திரியிறம்?"

அதன்பின் யாரும் மூச்சு விடவில்லை. அடிகளைப் பிடித்துக்கொண்டு அரை மணிநேரம் நடந்தார்கள். ஒரு பெரிய பாறையின் அடியில் தடம் முடிந்தது.

"சேர்!" என்று கூப்பிட்டாள். காடு சும்மா கிடந்தது. எந்த யானையை யார் பேர் சொல்லிக் கலைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல்தடவையாக, சேர் என்பதை விட்டுவிட்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"உதயரூபன்!"

இரண்டாந்தரம் கூப்பிட்டதும் மேலே இருந்து அடங்கிய குரல் ஒன்று வந்தது.

"சத்தம் போடாதங்க மிஸ்! ஆனை வருகுது!"

கந்தப்போடி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆனை இல்ல தம்பி, நாங்கதான்! இறங்கி வாங்க!"

பாறை இடுக்கிலிருந்து முதலில் ஒரு காலும், பிறகு மற்றக் காலும் வந்தன. முழங்கால் இரண்டும் உரிந்து, தாடியில் மஞ்சள் பெயின்ற் காய்ந்து, உதயரூபன் வழுக்கி வழுக்கி இறங்கி வந்தார். தண்ணீர்ப் போத்தலை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"நேற்று மழையில ஓடை பெருகி இங்கால வர ஒண்ணாமப் போயிற்று. கற்குகையில படுத்தன். விடிஞ்சதும் வருவம் எண்டு வாளியைத் தூக்க, ஒரே கூக்குரல். ஏழு வெடி எண்ணினன். ஒரு கூட்டமே வருகுது எண்டு நினைச்சன்." அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி அழுகையும் சிரிப்புமாக நிற்கிறவளை அப்போதுதான் முழுதாகப் பார்த்தார். "நீங்க ஏன் மிஸ் இவ்வளவு தூரம்...?"

"அம்மாவை அனுப்பிக் கேக்கிறதுதான் முறை," என்றாள் சுலோஜனா, அத்தனை பேரும் கேட்க. "அதுவரைக்கும் எனக்குப் பொறுக்க ஒண்ணா. நானே கேக்குறன். என்னைக் கலியாணம் முடியுங்க, உதயரூபன்."