தரித்திரக் குடாவின் வெள்ளை வைன்

என் மனுசனை நிலவு பிடித்து வைத்திருந்தது. சிரிக்காதீர்கள். வேறொருத்தி என்றால் தலைமயிரைப் பிடித்து இழுத்திருப்பேன். நிலவை என்ன செய்ய?

கீதன் யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளர். நாங்கள் வந்து குடியேறிய ஒக்லாந்தில் அந்தப் பட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹென்டர்சனில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வாளிகளுக்கு மூடி போட்டார். வேலை முடிந்து வந்தால் சோறு, டீவி, படுக்கை. கேட்டால் "ம்", கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தொண்ணூற்று மூன்றில், கிஸ்பர்னில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்க ஆள் வேண்டுமாம் என்று யாரோ சொல்ல, ஒரு மாதத்துக்கென்று போனார். போனவர் போனவர்தான்.

கிஸ்பர்ன் கிழக்குக் கரையில் இருக்கிறது. இங்கிருந்து பஸ்ஸில் ஒரு முழுப் பகல். அங்குள்ள குடாவுக்குப் பெயரே தரித்திரக் குடா. முதலில் வந்திறங்கிய வெள்ளைக்காரன் தின்ன ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் வைத்த பெயராம்.

"பேரைக் கேட்டுமோ அங்க நிக்கிறியள்?" என்று போனில் கத்துவேன். அவர் சிரிப்பார். ஒக்லாந்தில் பல்லைக் காட்டாத மனுசன்!

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் போன் வரும். அந்தத் தோட்டத்தில் மருந்தடிப்பதில்லை, செயற்கை உரம் போடுவதில்லை. பசுக்கொம்புக்குள் சாணியை அடைத்துக் குளிர் தொடங்கும்போது புதைப்பார்களாம். வசந்தத்தில் தோண்டியெடுத்து, தண்ணீரில் ஒரு மணித்தியாலம் கலக்கி, நிலத்துக்குத் தெளிப்பார்களாம். கொடி வெட்டுவதும் நடுவதும் நிலவைப் பார்த்துத்தான். பயோடைனமிக் என்று இதற்குப் பெயர்.

"சாணி கரைக்கவோ பிளேனேறி வந்தனீங்கள்?"

"அது சாணியா இராதப்பா. மழை பெய்த மண் மாதிரி மணக்கும்."

"வீட்டுக்கு எப்ப வாறியள்?"

"இந்தத் தேய்பிறை முடியட்டும். கொடி வெட்டுற நேரம்."

விரதத்துக்கு நிலவு பார்ப்பார்கள், சரி. புருசன் வீட்டுக்கு வரவும் நிலவு பார்த்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார். கடலுக்குள்ளிருந்து வெயில் வருவதை, மத்தியானம் உப்புக்காற்று வந்து இலைகளைப் புரட்டுவதை, செனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை மெல்ல மஞ்சளாவதை. நான் ஏசுவேன். போனை வைத்த பிறகு, மகள் ராகவிக்குக் கேட்காமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். எனக்கு அவரைத் தேடியது, அவரில்லாமல் மனம் ஏங்கியது. அதைச் சொல்லத்தான் நினைப்பேன், வாயைத் திறந்தால் ஏச்சுத்தான் வந்தது.

நாங்கள் இருக்கிற கிளென் ஈடனில் எங்கள் ஆட்களுக்கு வேறு கவலை. "கீதன் சாராயக் கொம்பனியிலயோ வேலை?" என்று செல்வநாயகி அக்கா கடைக்குள் வைத்துக் கேட்டார்.

"தோட்டம் அக்கா."

"ஓ... தோட்டம்," என்றார். அந்த "ஓ"வுக்கு அவரைக் கிள்ளியிருக்க வேண்டும்.

மூன்று வருடம் இப்படியே போனது. ஒரு நாள் பேப்பரில் விளம்பரம் பார்த்தேன். நகரத்துத் தண்ணீர் விநியோகக் கந்தோர் ஒன்றுக்குப் பொறியியலாளர் வேண்டுமாம். அவர் பெயரில் நானே விண்ணப்பித்தேன், பிள்ளையாருக்கு நேர்த்தியும் வைத்தேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். "இதுக்கும் வராட்டி இனி இந்தப் பக்கம் வரவே வேண்டாம்," என்று சொல்லிவிட்டேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார். கறுத்துப்போயிருந்தார், கையில் ஒரு போத்தல். அவர் வேலை செய்த தோட்டத்து வெள்ளை வைன். விரத நாளில் அது வீட்டுக்குள் வரக்கூடாது என்று கராஜில், உடுப்புத் தோய்க்கிற பவுடருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுப் பின்பக்கம் வெயிலில் உட்கார்ந்தோம். தக்கையைக் கழற்றுகிற சாமான் அவரிடமும் இல்லை. அகப்பைக் காம்பால் உள்ளே தள்ளி, சில்வர் தம்ளர்களில் ஊற்றினார். என் வாழ்க்கையில் முதல் தடவை. முருகா, மன்னித்துக்கொள் என்று ஒரு வாய் குடித்தேன். முதலில் புளித்தது. பிறகு தேன் மாதிரி ஏதோ. கடைசியில் நாக்கு ஓரத்தில் கொஞ்சம் உப்பு.

அவர் கண்ணை மூடி வெகுநேரம் வாய்க்குள் வைத்திருந்தார்.

"இப்பிடியோ இருக்கும்!" என்றார்.

"என்ன, தெரியாத ஆள் மாதிரிக் கதைக்கிறியள்?"

"தெரியாது. நானும் இப்பதான் முதல் முதல் குடிக்கிறன்."

"பொய் சொல்லாதேங்கோ."

"உண்மையா. அங்க எல்லாரும் குடிப்பினம், எனக்கும் தருவினம். உம்மோட இருந்து குடிக்க வேணுமெண்டு நான் தொடேல்ல."

"மூண்டு வருசமாவோ? விசர் மனுசா!"

"ஞாயிற்றுக்கிழமை உமக்குச் சொல்லத்தானே கிழமை முழுக்க எல்லாத்தையும் பாத்துக்கொண்டு திரியிறனான். நீர் ஏசுவீர். ஆனா போனை வைக்க மாட்டீர்."

எங்களை மறந்துபோய்ச் சந்தோஷமாக இருக்கிறார் என்றல்லவா நான் எரிந்துகொண்டிருந்தேன்! அந்தக் கரையெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டுதான் திரிந்திருக்கிறார்.

"திங்கக்கிழமை இன்டர்வியூவுக்குப் போறன்," என்றார். "வேலை கிடைச்சா வந்திடுவன். சத்தியமா."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். வாளிக்கு மூடி போட்டுவிட்டு வந்து "ம்" சொன்ன குரல். வேலை கிடைத்தால் மனுசன் கிடைப்பார். இப்படிக் கதைக்கிற மனுசன் கிடைக்க மாட்டார்.

"இஞ்சருங்கோ, எனக்கு உங்களைத் தேடுது," என்றேன். சொன்னதும் காது சுட்டது.

அவர் தம்ளரைப் புல்லில் வைத்தார். "அதுதானே வாறன் எண்டு சொல்லுறன்."

"வர வேண்டாம். நாங்கள் வாறம்."

"உம்மட ஆஸ்பத்திரி வேலை? இந்த வீடு, மோர்ட்கேஜ்? பிள்ளையின்ர பள்ளிக்கூடம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதோ? குடியுங்கோ பேசாமல்."

அவர் குடிக்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்றிரவு ராகவியிடம் விஷயத்தைச் சொன்னபோது "நோ வே!" என்று கதவை அடித்துச் சாத்தினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சிநேகிதிகள், நடன வகுப்பு, எல்லாமே அவளுக்கு இங்கேதான்.

திங்கட்கிழமை காலை அந்தக் கந்தோருக்கு நானே போன் எடுத்து, அவர் நேர்முகத்துக்கு வரமாட்டார் என்றேன். எதிர்முனையில் இருந்த பெண் காரணம் கேட்டாள்.

"அவருடைய குடும்பம் கிஸ்பர்னில் இருக்கிறது," என்று சொன்னேன்.